பீடத்துப் படியில் ஒரு மூட்டைக் கரி

உங்களால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லாத ஒரு நாளில், உங்களை நேசிக்க ஒருவராவது இருப்பார் என்று உறுதியாகச் சொல்வீர்களா?

அவசரப்பட்டு ஆமாம் போட்டுவிடாதீர்கள். சம்பளம் வராத மாதத்தில் வீட்டில் உங்கள் பேச்சு எவ்வளவு எடுபட்டது என்று நினைத்துப் பாருங்கள். கை கால் விழுந்துபோன பெரியவரின் கட்டில் கூடத்திலிருந்து மாட்டுக் கொட்டகைப் பக்கம் நகர எத்தனை வாரம் ஆனது என்று நினைத்துப் பாருங்கள். இந்தக் கேள்வியை நான் செல்லக்கிளியிடம் கேட்டேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “இருக்காக” என்றார். பிறகு தலையைப் பின்னால் சாய்த்துக் கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தார்.

திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற சாலையில், கண்மாய்க் கரைக்கும் கருவேலங்காட்டுக்கும் நடுவே இருக்கிறது அவருடைய ஊர். வயது நாற்பத்தாறு. பதினான்கு வயதிலிருந்து கரி மூட்டம் போடுகிறார். சீமைக் கருவேலத்தை வெட்டித் துண்டு போட்டு, கூம்பாக அடுக்கி, மேலே செத்தையும் ஈரமண்ணும் அப்பி, உள்ளே தீ வைப்பார்கள். அது எரிந்துவிடக் கூடாது. ஐந்தாறு நாள் புகைந்து புகைந்து வேக வேண்டும். மண்பூச்சில் ஒரு விரிசல் விட்டால் போதும், காற்று புகுந்து அத்தனையும் சாம்பல். அதனால் பகலும் இரவும் கையில் குழைத்த மண்ணோடு அதைச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். பெற்றோர் சீக்கிரம் போய்விட்டார்கள். தங்கை ஜெகதீஸ்வரியை வளர்த்துக் காரியாபட்டியில் கட்டிக்கொடுத்தது செல்லக்கிளிதான். அவருக்கு ஒரு கல்யாணம் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கரி யாரையும் கேட்டு ஒட்டுவதில்லை. நகக்கண்ணில், முழங்கை மடிப்பில், காதுக்குப் பின்னால் குடியேறிவிடும். அதோடு சேர்ந்து வேறொன்றும் செல்லக்கிளியின் மேல் ஒட்டியிருந்தது. தான் பட்ட இடம் அழுக்காகும் என்ற நினைப்பு. அருப்புக்கோட்டை பஸ்ஸில் அவர் உட்கார்ந்த சீட்டின் மறுபாதி ஊர் வரைக்கும் காலியாகவே வரும். பலசரக்குக் கடையில் பொட்டலத்தை அவர் கையில் கொடுக்காமல் பலகைமேல் வைத்துத் தள்ளுவார்கள். ஊரில் அவருக்குப் பெயரே இல்லை. ‘ஏ கரிக்காரி’ என்றால் அவர் திரும்புவார்.

கரி மட்டுமா காரணம்? சிமெண்டு மூட்டை தூக்குகிறவர் வெள்ளையாக வீடு திரும்புகிறார், நூல் மில்லில் நிற்கிறவர் தலை நரைத்தாற்போல வருகிறார். அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார ஆள் இருக்கிறது. நான் சொல்வது சாதி என்ற அழுக்கை. அதில் மட்டும் ஒரு விசித்திரம். பூசுகிறவன் கையில் அது ஒட்டுவதில்லை.

கடைசியில் மற்றவர்கள் விலக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. எங்கே போனாலும் மடித்த சாக்குத் துண்டு ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டு போவார். பெஞ்சு காலியாக இருந்தாலும் தரையில் அதை விரித்துத்தான் உட்காருவார். தங்கையின் பிள்ளைக்குக் காது குத்தியபோது வெள்ளைக் கவுன் போட்ட குழந்தையை ஆளாளுக்கு மடி மாற்றிக் கொஞ்சினார்கள். பெரியம்மாவிடம் நீட்டியபோது செல்லக்கிளி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். “வேணாம்த்தா, கவுனு கறுத்துப்போகும்.” பிள்ளையைத் தொடாதே என்று யாரும் அவரைத் தடுக்கவில்லை. தடுக்க ஓர் ஆள்கூட வேண்டாத அளவுக்கு, விலக்கி வைக்கிற வேலை கச்சிதமாக முடிந்திருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஊர்ச் சர்ச்சுக்குப் பின்புறமிருந்த நிலத்தில் கருவேலம் மண்டிக் கிடந்தது. அதை வெட்டிக் கரியாக்கிக்கொள்ளச் செல்லக்கிளிக்கும் அவர் கூட்டாளி தங்கச்செல்விக்கும் அனுமதி கிடைத்தது. அங்கேயே மூட்டம் போட்டார்கள். மூட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாது. உள்ளே ஆராதனை நடக்கும்போது, ஜன்னலுக்கு வெளியே செல்லக்கிளி விரிசல் அடைத்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சபையின் போதகர் தேவஇரக்கம் ஐயர். இந்தப் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்பார்கள். சாதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கடவுள் மனிதரைத் தம் சாயலில் படைத்தார் என்று அவர் பிரசங்கத்தில் சொன்னது ஜன்னல் வழியே வெளியே வந்தது. செல்லக்கிளிக்குச் ‘சாயல்’ புரியவில்லை.

மறுநாள் காலையில் ஐயரின் மனைவி ரூபி சண்டைக்கு வந்தார்.

“ஏம்மா, கொடியில ஒரு துணி காயப்போட முடியல. ஐயா அங்கி பூராப் புகை நாத்தம். இன்னும் எத்தன நாளைக்கு இந்தக் கூத்து?”

“நாலு நாளும்மா” என்று செல்லக்கிளி எழுந்து தள்ளி நின்றார்.

“நாலு நாளா! அவுகளுக்கு இருக்கதே ரெண்டு வெள்ளை அங்கி.”

“ரெண்டையும் குடுங்கம்மா. கறுப்பாவே ஆக்கித் தாரோம். பெறகு எம்புட்டுப் புகைஞ்சாலும் தெரியாது” என்றார் தங்கச்செல்வி, மூட்டத்துக்கு அந்தப் பக்கமிருந்து.

ரூபி அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயோடு சண்டையைத் தொடர முடியாமல் அவர் திணறிய நேரத்தில் செல்லக்கிளி கேட்டார்.

“அம்மா, நேத்து ஐயா சாயல் சாயல்னாகளே. அப்படின்னா?”

“அதுவா? சாடைம்மா. பிள்ளை அப்பா சாடையில இருக்குங்கோம்ல, அது.”

“கடவுள் சாடையிலயா? யாரு?”

“எல்லாருந்தான். நீயும்.”

“எஞ் சாடையா!” செல்லக்கிளி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “ஏ செல்வி, கேட்டியாடி? மேல ஒருத்தரு எஞ் சாடையில உக்காந்திருக்காராம்.”

“அப்ப அவருக்கும் கண்ணெரிச்சல் இருக்கும். கேளு, சொட்டு மருந்து என்ன போடுறாருன்னு.”

கேலியாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் மதியம் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்த ஒரு வண்டியின் கண்ணாடியில் செல்லக்கிளி தன் முகத்தைப் பார்த்தார். தினமும் பார்க்கிற முகம்தான். அன்றைக்கு மட்டும் யாரோ தெரிந்தவரைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார்.

அடுத்த நாளும் ரூபி அம்மா வந்தார். துணியைச் சாக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். பேச்சு எங்கெங்கோ போய், “நீ ஒண்ணும் செய்யாமச் சும்மா இருக்கயிலயும் ஆண்டவருக்கு ஒம்மேல பிரியம்” என்றார்.

செல்லக்கிளி விடவில்லை. “சும்மா இருந்தா யாருக்கும்மா பிரியம் வரும்? தங்கச்சிய வளத்தேன், அவளுக்குப் பிரியம். மூட்டை கூட விழுந்தா யாவாரிக்குப் பிரியம். ஒடம்பு முடியாமப் படுத்தா இந்தச் செல்வியே ரெண்டு நாள்ல மூஞ்சியத் தூக்கிருவா.”

“ஒரே நாள்ல” என்றார் தங்கச்செல்வி.

“எனக்கு ரெண்டு பிள்ளைக” என்றார் ரூபி அம்மா. “பொறந்த அன்னைக்கு அதுக எனக்கு என்ன மூட்டையா தூக்குச்சுக? அழுதுச்சுக, ஈரம் பண்ணுச்சுக. அதுக்குப் போயி எனக்கு உசுரே போற மாதிரிப் பிரியம் வந்துச்சே, அது எதுக்காம்?”

கையிலிருந்த மண் காய்ந்து விரிசல் விடும்வரை செல்லக்கிளி அப்படியே நின்றதாகத் தங்கச்செல்வி சொல்கிறார். வேதப் புத்தகத்தைக் குறை கண்டுபிடிப்பதற்கென்றே முழுக்கப் படித்தவன் நான். அந்தக் கேள்வியை நானும் இன்னும் தூக்கிக்கொண்டு அலைகிறேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மதம் மனிதரைக் குனிய வைக்கிறது என்று இருபது வருடமாகப் பேசியும் எழுதியும் வருகிறேன். ‘நீ ஒரு புழு’ என்று பீடத்திலிருந்து சொல்லிக்கொடுத்து, அந்தப் புழுவிடமே காணிக்கை வாங்குகிற இடங்களை எனக்குத் தெரியும். அவற்றைப் பற்றி என் கருத்து ஒரு நூல்கூட மாறவில்லை. ஆனால் செல்லக்கிளி நிமிர்ந்தது அங்கேதான், அந்தச் சர்ச்சு ஜன்னலுக்கு வெளியேதான். கண்ணுக்கு முன்னால் தெரிகிறதை எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக மறைத்தால், பிறகு நான் எந்த வாயால் உண்மை பேசுவது?

அவர் ஆராதனைக்குப் போக ஆரம்பித்தார். முதலில் செருப்புகள் கிடக்கிற வாசலருகே, சாக்குத் துண்டை விரித்து. மூன்றாவது ஞாயிறு ரூபி அம்மா வந்து, “இத இங்க குடு, பெஞ்சு சுடுது” என்று அந்தச் சாக்கை வாங்கிப் பெஞ்சில் போட்டு அதன்மேல் தான் உட்கார்ந்துகொண்டார். பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினார். செல்லக்கிளிக்கு உட்கார வேறு வழியில்லை. சாக்கில்லாமல் உட்கார்ந்தார். பெஞ்சு கறுக்கத்தான் செய்தது. உலகம் அழிந்துவிடவில்லை.

ஞானஸ்நானம் கொடுக்கும் முன் ஐயர் கேட்டார், “புதுப் பேரு என்ன வைப்போம்? எஸ்தர், லீதியாள், எது பிடிச்சிருக்கு?”

“புதுப் பேரு வேணாங்கய்யா. இருக்கிற பேரையே இன்னும் யாரும் கூப்பிடல. அத மொதல்ல கூப்பிட்டுப் பாப்போம்.”

ஐயர் சபைக்கு முன்னால், எல்லாருக்கும் கேட்கும்படி, “செல்லக்கிளி” என்று கூப்பிட்டார்.

அந்த மாதமே காரியாபட்டிக்குப் போனார். தங்கையின் பிள்ளையை யாரையும் கேட்காமலே தூக்கினார். மஞ்சள் சட்டையின் முதுகில் ஐந்து விரலும் அப்படியே பதிந்தன. “போச்சு, போ!” என்று ஜெகதீஸ்வரி சிரித்தாள். “வெளுத்தாப் போயிரும்டி” என்று சொல்லிவிட்டு அக்கா இன்னொரு முறை தூக்கினார்.

சபைக்குள் தேனாறு ஓடியது என்று நினைத்துவிட வேண்டாம். சாதி சர்ச்சு வாசலில் செருப்பை மட்டும் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிடும். ஆண்டவரின் ரத்தம் என்று எல்லாரும் ஒரே கிண்ணத்தில் திராட்சரசம் குடிப்பது நற்கருணை. அந்தக் கிண்ணம் செல்லக்கிளியின் உதட்டுக்குப் போவதற்கு முன்னால் தாங்கள் குடித்துவிட வேண்டும் என்று வரிசையில் முந்திய இரண்டு குடும்பங்கள் இருந்தன. கிண்ணத்தில் இருந்தது யாருடைய ரத்தம் என்று தாங்களே பாடிக்கொண்டுதான் முந்தினார்கள். ஐயர் ஒரு மாதம் பார்த்தார். அடுத்த மாதம் வரிசையைச் செல்லக்கிளி உட்காருகிற பின் பெஞ்சிலிருந்து ஆரம்பித்தார். அதற்கென்று ஒரு பிரசங்கம்கூட வைக்கவில்லை. எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது அதனால்தான்.

இனி கரிக்கு வருகிறேன்.

மாசி மாதம் அறுப்பின் பண்டிகை. அவரவர் நிலத்தில் விளைந்ததில் முதல் பங்கைக் கொண்டுவந்து பீடத்தின் முன் வைப்பார்கள். பிறகு அசனம் என்கிற பொதுச் சாப்பாடு. போன வருடம் செல்லக்கிளி அருப்புக்கோட்டைச் சந்தையில் ஒரு பூசணிக்காய் வாங்கி வைத்தார். அன்று முழுக்க அவருக்கு மனசு ஒட்டவில்லை. “ஆண்டவருக்கே டூப்பு விட்டுட்டேன்டி” என்றார். இந்த வருடம் பண்டிகைக்கு இரண்டு வாரம் இருக்கையில், சபைக் கமிட்டிச் செயலாளர் ஞானமுத்து வாத்தியாரைத் தேடிப் போனார். பணி ஓய்வு பெற்றவர். பீடத்தில் விரிக்கிற வெள்ளைத் துணியை ஆண்டுதோறும் தன் கையால் துவைத்து, நீலம் போட்டு, இஸ்திரி தேய்க்கிறவர்.

“சார், பண்டிகைக்கு நான் கரி கொண்டாரேன்.”

“ரொம்ப நல்லதாப் போச்சு. முந்நூறு பேருக்குச் சமையல். ஆக்குற எடத்துல இறக்கிரும்மா.”

“அடுப்புக்கில்ல சார். பீடத்துல வைக்க.”

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். “கரியவா? வெள்ளாமையில வெளைஞ்சதத்தானம்மா வைப்பாக.”

“எனக்கு வெளையிறது அதுதான் சார்.”

“துணி கெடக்கும்மா, வெள்ளைத் துணி. ஒரு தூசி பட்டாப் போச்சு. அடுப்புக்குன்னாலும் ஒரு உபயோகம்…”

“உபயோகத்துக்குத்தான் சார் வருசம் பூராக் கெடக்கேன், நானும் கரியும். அன்னைக்கு ஒரு நாளு உபயோகமில்லாம அவுக முன்னாடி சும்மா இருந்துட்டு வாரோம்.”

வாத்தியார் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எளிது. ‘கமிட்டில கேக்கணும்’ என்றார்.

திரும்பி வந்தபோது தங்கச்செல்வி கேட்டார், “வேணாம்னுட்டா என்னடி செய்வ? ஒரு மூட்டைக் கரிதான?”

“கரி வேணாம்னா, நான் மட்டும் எப்படிடி வேணும்னு ஆகும்? பதினாலு வயசுலருந்து என் கை செஞ்சது இது ஒண்ணுதான்.”

ஒரு மூட்டைக் கரியை எங்கே வைப்பது என்று முடிவெடுக்க ஏழு பேர் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தார்கள். தீர்மானம் இதுதான்: கரி வரலாம், வெள்ளைத் துணி விரித்த மேசைமேல் கூடாது, பீடத்தின் கடைசிப் படியில், பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு வைக்கலாம். கேட்டபோது எனக்கு ரத்தம் கொதித்தது. செல்லக்கிளி குதித்தார். “படியும் பீடத்துலதான இருக்கு!”

அந்தக் குதிப்பில்தான் தவறு நடந்தது. ஓடிக்கொண்டிருந்த மூட்டத்தின் முதல் கரியைத்தான் வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அது திங்கட்கிழமை பிரிக்க வேண்டிய மூட்டம். சனிக்கிழமை காலையிலேயே பிரித்தார். பிரித்த கரியைத் தரையில் பரப்பி இரண்டு நாளாவது ஆறவிட வேண்டும். வேர்ப்பக்கத்துத் தூர்க்கட்டைக் கரி பார்வைக்கு ஆறியிருக்கும், நெஞ்சில் ஒரு கங்கு உறங்கிக்கொண்டிருக்கும். அவர் ஓர் இரவு மட்டும் ஆறவிட்டார். தண்ணீர் தெளித்தார். தட்டினால் பித்தளை மாதிரி ஒலிக்கிற துண்டுகளாகப் பொறுக்கிப் புதுச் சாக்கில் நிரப்பி வாயைத் தைத்தார். முப்பத்திரண்டு வருடம் மூட்டம் போட்டவர் செய்யக் கூடாத தவறு. சந்தோஷத்தில் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை. குதிரைவாலி மூட்டை வந்தது. மிளகாய் வத்தலும் மல்லியும் வந்தன. வாழைத்தார், கால் கட்டிய சேவல், ஒரு வெள்ளாட்டுக் குட்டி. கடைசியாக அரக்குச் சேலை கட்டி, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, கைகளை வீசி நடந்து வந்தார் செல்லக்கிளி. கறிச்சோற்றுக்கு வந்திருந்த தங்கச்செல்வி வாசலில் நின்று பார்த்தார். “கல்யாணப் பொண்ணு மாதிரி வந்தா” என்கிறார். “மாப்பிள்ளையத் தலையில தூக்கிட்டு வந்த பொண்ணு.”

மூட்டை கடைசிப் படியில் இறங்கியது. செல்லக்கிளி பின்னாலிருந்து மூன்றாவது பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ஐயர் பிரசங்கத்தை ஆரம்பித்தார். பழைய காலத்தில் ஜனங்கள் கடவுளுக்குச் செலுத்திய தகனபலிகளைப் பற்றிய பிரசங்கம். முழுவதையும் நெருப்பில் எரித்துக் கொடுக்கும் பலி.

முதலில் செல்லக்கிளியின் மூக்குக்குத்தான் தெரிந்தது. மற்ற மூக்குகளுக்கு இன்னும் மூன்று நான்கு நிமிடம் இருந்தது. சாக்குத் தையலிலிருந்து நூல் மாதிரி ஒரு புகை.

அந்த நிமிடங்களை அவர் எனக்கு விவரித்தபோது மட்டும்தான் சிரிக்கவில்லை. வாசல் பக்கத்தில் இருந்தது. பழைய செல்லக்கிளி அந்த வழியாகப் போயிருப்பார். போயிருந்தால் மறுபடி அந்தச் சர்ச்சுக்கு வந்திருக்க மாட்டார், எங்கேயும் வந்திருக்க மாட்டார். வாழ்நாள் பூராவும் எதற்குப் பயந்தாரோ அது, முந்நூறு பேர் முன்னால், வெள்ளைத் துணிக்குக் கீழே நடந்துகொண்டிருந்தது. “கால் வாசப்பக்கந்தான் திரும்புச்சு” என்றார். “பெறகு நெனச்சேன், நான் கொண்டாந்து வச்சதுதான. வச்ச எடம் எங்க அப்பா வீடு. அப்பா வீட்டுல எதையாச்சும் ஒடைச்சுட்டா, பிள்ளை ஓடிப்போயிரவா செய்யும்?”

எழுந்தார். நடுவழியே முன்னால் நடந்தார்.

“ஐயா, பிரசங்கத்த நிப்பாட்டுங்க. எங் கரி பத்திக்கிருச்சு.”

ஐயர் நிறுத்தினார். அதற்குள் புகை தடித்துவிட்டது. சேவல் கத்தியது. ஞானமுத்து வாத்தியார் பூ ஜாடியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

“தண்ணி ஊத்தாதீக சார்! ஆவி அடிக்கும், சாம்பல் பூராத் துணியிலதான் விழும். மண்ணு வேணும். ஈர மண்ணு!”

“மண்ணுக்கு எங்கம்மா போக?”

“வெளிய ஊரே மண்ணாத்தான கெடக்கு! வாங்க எல்லாரும்!”

வந்தார்கள். வேறு வழியில்லை. வேட்டியை மடித்துக் கட்டியவர், பட்டுச் சேலையைச் செருகியவர், காணிக்கைத் தட்டைக் கவிழ்த்து அதில் மண் அள்ளியவர். கிண்ணத்துக்கு முந்திய அந்த இரண்டு குடும்பங்களும் அள்ளின. குழாயடியிலிருந்து ஈர மண் கைமாறிக் கைமாறிப் பீடத்துக்கு வந்தது. செல்லக்கிளி சாக்கைக் கிழித்து, கங்கு பிடித்த துண்டுகளை நடுவில் கூட்டி, மேலே மண்ணை அப்பினார். கங்கு பிடிக்காத துண்டுகளை ஆளாளுக்குக் கைமாற்றிப் படியோரம் ஒதுக்கினார்கள், கரி எல்லார் கையிலும் ஏறியது. “இங்கிட்டு ஓட்டை தெரியுது பாருங்க, அடைங்க. சார், கையால அப்புங்க, விரல் நுனியால தொட்டா ஒட்டாது!” வாத்தியாருக்கு வாத்தியாரானார். அந்த மேசையை இரண்டு பேர் கரிக் கையாலேயே பிடித்துப் பின்னால் நகர்த்தினார்கள்.

புகை அடங்கியது. பீடத்தின் கடைசிப் படியில், சின்னதாக, வடிவாக, ஒரு மூட்டம் உட்கார்ந்திருந்தது. முந்நூறு பேரும் தங்கள் கைகளைப் பார்த்தார்கள்.

வாசலிலிருந்து தங்கச்செல்வியின் குரல் வந்தது.

“ஐயா, தகனபலி தகனபலின்னு சும்மா வாயால சொன்னீக. எங்க கிளி செஞ்சே காட்டிட்டா.”

முதலில் ஐயர் சிரித்தார். பிறகு யார் சிரிக்கவில்லை என்று கேட்பதே சுலபம். ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தார். ஒருவர் கண்ணீரைத் துடைக்கப் போய் முகமெல்லாம் கரியாக்கிக்கொண்டார். அதைப் பார்த்து இன்னொரு சுற்றுச் சிரிப்பு. செல்லக்கிளி படியில் உட்கார்ந்து சிரித்தார். தன்னைப் பார்த்துச் சிரிக்கிற கூட்டத்துக்கு நடுவே தானும் சிரிப்பது எவ்வளவு பெரிய விடுதலை என்று அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். தன் மதிப்பு அந்தச் சிரிப்பில் கரைந்துபோகாது என்று நம்புகிறவரால் மட்டுமே அது முடியும்.

சிரிப்பு ஓய்ந்ததும் அவர் கேட்டார், “சார், வெளிய எடுத்துட்டுப் போயிரட்டா?”

வாத்தியார் தன் வெள்ளை ஜிப்பாவைக் குனிந்து பார்த்தார். இரண்டு உள்ளங்கையையும் பார்த்தார். “காணிக்கைன்னு வச்சத எடுக்கக் கூடாதும்மா. ஆராதனை முடியட்டும்” என்றார்.

தோத்திரப் பாட்டைக் கரிக் கைகளோடு கைதட்டிப் பாடினார்கள். அன்றைக்கு அசனத்தில், கறுப்புக் கைகளைக் கழுவ ஒரே ஒரு குழாயடியில் ஊரே வரிசையில் நின்றது. கழுவியும் நகக்கண்ணில் போகவில்லை. அப்படியே சாப்பிட்டார்கள். கறிச்சோறு நன்றாக இருந்ததாம். தங்கச்செல்வி மூன்று தடவை வாங்கியிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை வாத்தியார் மூட்டத்தடிக்கு வந்தார். கையில் அந்த வெள்ளைத் துணி. ஓரத்தில் நான்கைந்து கை அச்சுகள்.

“நீலம் போட்டும் போகல. இது எதுலம்மா போகும்?”

“போகாது சார்.”

“போகவே போகாதா?”

“எனக்கே போகல.”

வாத்தியார் துணியைப் பத்திரமாக மடித்தார். அடுத்த ஞாயிறு பீடத்தில் அதே துணிதான் கிடந்தது, கை அச்சுகள் சபையைப் பார்த்திருக்கும்படி.

கடவுள் செல்லக்கிளியை நேசிக்கிறாரா என்று சோதித்துப் பார்க்க என்னிடம் கருவி இல்லை. நேசிக்கப்பட்டவர் எப்படி நடப்பார் என்பது மட்டும் தெரியும். அதை நான் பார்த்திருக்கிறேன். பஸ்ஸில் காலி இடம் இருந்தால் இப்போது உட்காருகிறார். பக்கத்தில் இருப்பவர் நகர்ந்தால், “நகராதீக, ஜன்னக் காத்து ரெண்டு பேருக்கும் வரும்” என்கிறார். இந்தத் தெம்பை அவருக்குக் கொடுத்திருக்க வேண்டியது நாம். நாற்பது வருடமாகக் கொடுக்கவில்லை. அவர் அதை வேறிடத்தில் பெற்றுக்கொண்டார் என்றால், அவர் நம்பிக்கையைக் குறை சொல்லும் யோக்கியதை நமக்கு இல்லை.

எனவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் சர்ச்சுக்குப் போகிறவரானால், அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு முன்னால் உங்கள் சபையில் நிலமில்லாத ஒவ்வொருவர் வீட்டுக்கும் போங்கள். ‘உங்கள் கை என்ன செய்கிறது? அதைக் கொண்டு வாருங்கள்’ என்று கேளுங்கள். தெருக் கூட்டுகிறவர் விளக்குமாற்றையும், செங்கல் அறுக்கிறவர் சுடாத ஒரு பச்சைக் கல்லையும் கொண்டு வரட்டும். வேறு சாமி கும்பிடுகிறவராக இருந்தாலும், என்னைப் போல எதையும் கும்பிடாதவராக இருந்தாலும், உங்கள் ஊரிலும் ஒரு விழா இருக்கும், ஒரு கமிட்டி இருக்கும். அங்கே எழுந்து பேசுங்கள். கொண்டு வருகிறவற்றை உயரத்தில் வையுங்கள், எல்லாரும் பார்க்கிற மேசையின்மேல். கீழே பிளாஸ்டிக் விரிப்பைப் போடாதீர்கள்.